வழித்த நாக்கும் சீனக் கஷாயமும்

த்ரீ கிங்ஸ், ஆக்லாந்து
ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்குப் பின்

தென்காசியில் வாசம் செய்யும் என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மைத்துனர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுந்தரம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை அன்னபாக்கியத்தின் கணவனும், வருவாய்த் துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய செல்வராஜ் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது. இங்கே மகன் கோகுல், மருமகள் சிந்து, அவள் வயிற்றிலிருக்கும் பேரனோ பேத்தியோ, தங்கள் தங்கை, அடியேன் ஆகிய அனைவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், தங்கள் சர்க்கரை தங்கள் பேச்சைக் கேட்டு நடக்கவும் காசி விசுவநாதர் அருள்புரிவாராக.

நிற்க. சென்ற வாரம் தாங்கள் போனில் கூப்பிட்டு, "ஓய் மாப்ளே, சீனாக்காரி காய்ச்சித் தர்றதைக் குடிக்கீராமே! நம்மூர்ல ஆடாதொடை இல்லையா, தூதுவளை இல்லையா? அகத்தியர் பொதிகைல உக்காந்து என்னத்துக்குவே எழுதி வச்சாரு?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். போனில் தங்களிடம் பேசி ஜெயித்தவர் இரண்டு குடும்பத்திலும் இல்லை. ஆகவே என் தரப்பு விளக்கத்தை எழுத்து மூலமாகத் தாக்கல் செய்கிறேன். முழுவதும் படித்த பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான் மச்சான். இந்த ஊரில் எல்லாமே தலைகீழ், ஜூலையில் குளிர்காலம். அந்தக் குளிரில் வீட்டில் எல்லோருக்கும் சளியும் காய்ச்சலும் வந்தது. மற்றவர்களுக்கு வந்த காய்ச்சல் வந்த வழியே மரியாதையாகப் போனது. எனக்கு வந்தது மட்டும் போகும்போது என் நாக்கின் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி என்றால் சுடுதண்ணீர், ஊறுகாய் என்றால் ஏதோ ஈரமான வஸ்து, தயிர் சாதம் என்றால் ஜில்லென்று ஒன்று, அவ்வளவுதான். இங்குள்ள குடும்ப டாக்டர் நல்ல பையன். மூக்கையும் தொண்டையையும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தானா வந்துடும் அங்கிள், சில பேருக்குக் கொஞ்சம் நாளாகும், பொறுமையா இருங்க" என்றான். எனக்குப் பொறுமை உண்டு, நான் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். ஆனால் சிந்துவின் வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுமை கிடையாது.

வளைகாப்புக்கும் என் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் தங்கை சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள், சாமிக்குக் காட்டும் முன் எச்சில் படக் கூடாது என்பது தங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தில் புருஷன் நாக்குக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அது எந்தப் பிரிவின் கீழ் என்று நான் கேட்டதில்லை, சலுகையை யாராவது கேள்வி கேட்பார்களா? கல்யாணமான மறுநாளிலிருந்து அவள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விழும். "உப்பு பாருங்க" என்பாள். நான் நக்கிப் பார்த்து "சரி" என்பேன், அல்லது "ஒரு கல்லு போடு" என்பேன். இந்தக் குடும்பத்தில் என்னிடம் கேட்டு எடுக்கப்படும் முடிவு அது ஒன்றுதான். மேலும், சிந்துவுக்குத் தாயார் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். தாய்வீட்டில் செய்ய வேண்டிய கலவை சாதம் அத்தனையும் தன் கையாலேயே ஆக்கிப் போடுவேன், கடையில் வாங்குவது என்ற பேச்சே கூடாது என்று தங்கள் தங்கை சொல்லிவிட்டாள். அப்படிப்பட்டவளிடம் போய் உன் உப்பு எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை மச்சான். சொல்லாமல், நீட்டியதையெல்லாம் நக்கிவிட்டு "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பலனாக வீட்டில் ஒருநாள் சாம்பார் கடல், மறுநாள் குளம். கோகுல் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் பேசியபடியே சாப்பிடுகிறவன், அவனுக்கு மரப்பலகையை வைத்தாலும் ஒன்றுதான். சிந்து மட்டும் சாப்பிட்டுவிட்டு ஒரு கூஜா தண்ணீரைக் காலி செய்வாள். "பிள்ளைத்தாச்சிக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும்" என்று தங்கள் தங்கை அதற்குச் சந்தோஷப்பட்டாள்.

இந்த ரகசியத்தை நான் சொன்னது ஒரே ஒருவரிடம், பக்கத்து வீட்டு பொன்சாமியிடம். பெயரைக் கேட்டுவிட்டு முதல் நாள் நான் மடமடவென்று தமிழில் ஆரம்பித்துவிட்டேன். அவர் பிஜிக்காரர். முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். அவரிடம் மிஞ்சியிருக்கிற தமிழ் ஒரு முருகன் பாட்டு, "வாங்க, சாப்பிடுங்க", அப்புறம் கொஞ்சம் உதிரி வார்த்தைகள். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற தொழில், அதில் முழங்கால் இரண்டும் போய், ஒனிஹங்காவில் ஒரு சீன வைத்திய அம்மாளிடம் மருந்து சாப்பிட்டுத் தேறியவர். "நோ வரீஸ் பிரதர், ஷீ இஸ் த பெஸ்ட்" என்று சொல்லி மறுநாளே என்னை வேனில் ஏற்றிவிட்டார். வீட்டில் என்ன சொல்வது? பொன்சாமியின் முழங்காலைக் கடன் வாங்கிக்கொண்டு, எனக்கும் மூட்டு வலி என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் தங்கள் தங்கை பார்க்கும்போதெல்லாம் நொண்ட வேண்டியதாயிற்று, அதிலும் எந்தக் கால் என்பது அடிக்கடி மறந்துபோகும்.

அந்தக் கடையைத் தாங்கள் பார்க்க வேண்டும் மச்சான், பார்த்தால் கோபம் பாதி தணிந்துவிடும். தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேரோ பட்டையோ பூவோ காயோ. லியாங் அம்மாள் என்று பெயர், என் வயதிருக்கும், குட்டையான உருவம், இங்கிலீஷைத் துண்டு துண்டாகத்தான் பேசுவார். நான் அதைத் தமிழாக்கித் தருகிறேன். என் கையை ஒரு குட்டித் தலையணைமேல் வைத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். மூன்று விரல் மச்சான்! வாதம், பித்தம், கபம் என்று சித்த வைத்தியப் புத்தகம் பார்த்துத் தாங்கள் பிடிப்பீர்களே, அதே இடம், அதே விரல்கள். அவர்கள் கணக்கில் இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். லேசாக அழுத்தினால் ஒரு செய்தி, ஆழமாக அழுத்தினால் வேறு செய்தி. பிறகு குளிருதா, வேர்க்குதா, கனவு வருதா, வெளிக்கு எப்படிப் போகுது, கெட்டியா, இளக்கமா என்று கடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இஞ்சி மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தார், நான் பதில் சொன்னதும் அவர் மிட்டாயைத் திரும்ப வைத்துவிட்டார். கடைசியில் லியாங் அம்மாள், "நாக்கு" என்றார்.

இங்கேதான் நம் பண்பாடு என் காலை வாரியது. முதல்முதலாக ஒரு வைத்தியரிடம், அதுவும் ஒரு பெண்மணியிடம் போகிறோமே, வாயைத் திறக்கச் சொன்னால் கௌரவமாக இருக்க வேண்டாமா என்று, அன்று காலை எஃகு நாக்கு வழிப்பானை எடுத்து வழக்கத்துக்கு மேலேயே வழித்துத் தள்ளியிருந்தேன். உள்நாக்கு வரை பளபளவென்று சிவந்து கிடந்தது. பெருமையோடு நீட்டினேன். லியாங் அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார், முகம் வாடிவிட்டது. "மேல்படலமே இல்லை! வயிறு வறண்டுபோச்சு. உள்ளே ஈரமே இல்லை. ஐயோ பாவம்" என்றார். அவர்கள் சாஸ்திரத்தில் நாக்கின் மேல் படிந்திருக்கிற படலம்தான் வயிற்றின் கண்ணாடியாம். அது எனக்கு எப்படித் தெரியும்? நாம்தான் அந்தக் கண்ணாடியைத் தினம் காலையில் சுரண்டி வாஷ்பேசினில் கழுவி விடுகிற ஜாதி ஆயிற்றே. அவர் மனம் உருகி, குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் உள்ள வேர்களாகப் பார்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என் பிரஷர் மாத்திரையின் பெயரைக் கேட்டு, அதோடு ஒத்துப்போகுமா என்று புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பொறுப்பானவர்.

ஏற்கெனவே சளி கட்டிக் கிடக்கிற உடம்பில், குளிர்காலத்தில், குளிர்ச்சியான கஷாயம் உள்ளே போனால் என்ன ஆகும்? மறுநாள் த்ரீ கிங்ஸ் கடைவீதியில் கோகுலும் தங்கள் தங்கையும் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி நின்றேன். திடீரென்று வயிறு ஒரு உத்தரவு போட்டது. அதற்கு மேல்முறையீடே கிடையாது. தள்ளுவண்டியை விட்டுவிட்டுக் கழிப்பறையை நோக்கி ஓடினேன், மச்சான், பள்ளிக்கூட நாளில்கூட நான் அப்படி ஓடியதில்லை. அதைப் பார்த்த தங்கள் தங்கை கோகுலிடம், "பாருல, ரெண்டே வேளைதான் குடிச்சாங்க, மூட்டு எப்படி வேலை செய்யுது!" என்று கண் கலங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

அடுத்த முறை பொன்சாமியோடு போனபோது, போன தடவை படலம் இல்லை என்றாரே, ஏதோ அழுக்குச் சரியாகப் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் பலமாக வழித்துக்கொண்டு போனேன். லியாங் அம்மாள் நாடியைப் பிடித்தார், நாக்கைப் பார்த்தார், மறுபடி நாடியைப் பிடித்தார். "உன் நாடி, சளியும் ஈரமும் நிறைய இருக்குன்னு சொல்லுது. உன் நாக்கு, பாலைவனம்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்றார். இரண்டு ஃபைல் முரண்பட்டால் என்ன அவஸ்தை என்பது எனக்குத் தெரியும், அவர்மேல் இரக்கமே வந்தது. என் நாக்கின் ஓரத்தில் கோடு கோடாகச் சிராய்ப்பு இருப்பதை அப்போதுதான் கவனித்தார். "நாக்கை என்ன செய்யறே?" என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை. நாங்கள் தமிழர்கள், காலையில் எழுந்ததும் நாக்கை வழிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம் என்று சொல்லி, இரண்டு கையையும் வாய்க்கு நேரே வைத்து, சத்தத்தோடு செய்தே காட்டினேன். லியாங் அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பொன்சாமியும் சேர்ந்துகொண்டார். சிரிப்பு அடங்கியதும், "இனிமே வழிக்காதே. இங்க வர்ற அன்னிக்குக் காபியும் குடிக்காதே. போ" என்று அனுப்பிவிட்டார்.

நாக்கு வழிக்காமல் ஒரு தமிழன் எப்படி விடிவான்? வாய்க்குள் யாரோ குடியிருப்பது போல இருந்தது. அது என் கஷ்டம். ஆனால் காலையில் நான் வழிக்கும்போது எழுப்புகிற ஓங்காரச் சத்தம் இந்த வீட்டுக்கே அலாரம் என்பது அன்றுதான் தெரிந்தது. சத்தம் இல்லாததால் கோகுல் எழவில்லை, ஆபீஸ் மீட்டிங் போயிற்று. சிந்து எழவில்லை, மருத்துவமனையில் வாங்கியிருந்த நேரம் தவறிற்று. தங்கள் தங்கை மட்டும் எழுந்து குளியலறைக் கதவைத் தட்டினாள். "ஏங்க, உள்ளதானே இருக்கீங்க? சத்தத்தையே காணோம்! என்னங்க, பேசுங்க!" நான் பேஸ்ட் நுரையோடு "ம்" என்றேன். அது அவள் காதில் முனகலாக விழுந்து, கோகுலை எழுப்பிக் கதவை உடைக்கச் சொல்லிவிட்டாள். வாடகை வீடு, கதவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் அவன் தோளால் இடிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தபோது நானே திறந்து வெளியே வந்தேன். தங்கள் தங்கை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூட்டுக்கும் நாக்குக்கும் என்ன இருக்குன்னு அந்தம்மா வழிக்க வேண்டாங்குது?" என்று கேட்டாள். எல்லாம் ஒரே நரம்புதான் என்று சொல்லித் தப்பித்தேன்.

அப்படிக் காப்பாற்றிய நாக்கை லியாங் அம்மாளிடம் கூச்சத்தோடு நீட்டினேன். மச்சான், என் சர்வீஸில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. "ஆகா! எவ்வளவு அழகு!" என்று கையைத் தட்டினார். தடித்த, மஞ்சள் பாரித்த, பிசுபிசுப்பான படலம், புத்தகத்தில் போட்ட படம் மாதிரி இருக்கிறதாம். அதன் பிறகுதான் எனக்கு விளக்கினார். அவர்கள் கணக்கில் உடம்புக்குள் ஒரு வானிலை உண்டு. சூடு, குளிர், ஈரம், வறட்சி, காற்று எல்லாம் உள்ளேயும் அடிக்கும். நமக்குப் புதிதா இது? பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று நாம் சொல்வதுதானே. ருசிக்கு அதிகாரி மண்ணீரல். என் விஷயத்தில் காய்ச்சல் போன பிறகு சளியும் ஈரமும் நடுவில் தேங்கி, அதில் கொஞ்சம் சூடும் மாட்டிக்கொண்டு, மூடுபனி மாதிரி மேலே வாய் வரை மூடிவிட்டதாம். வறண்ட நிலம் என்று நினைத்துத் தண்ணீர் பாய்ச்சினேன், வெள்ளத்தில் மேலும் வெள்ளம் விட்டுவிட்டேன் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு என் வழிப்பான்மேல் என்று நானும் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்து மருந்து கட்டினார். அப்போது சொன்னாரே ஒரு விஷயம், அதைக் கேட்டதும் நான் அவருடைய கட்சியில் சேர்ந்துவிட்டேன். அவர்கள் மருந்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பதவி உண்டு. ராஜா, மந்திரி, உதவியாள், தூதன். நம் கலெக்டர் ஆபீஸேதான் மச்சான்! ராஜா என்கிற கலெக்டர் மூல வியாதியைப் பிடிப்பார். மந்திரி என்கிற தாசில்தார் அவர் சொன்னதைப் பக்கபலமாக நின்று நடத்துவார். உதவியாள் கூடவே இருந்து, கலெக்டர் ரொம்பக் கடுமையாகப் போனால் மெல்லத் தணித்து வைப்பான். நான் உத்தியோகத்தில் செய்ததெல்லாம் அதுதான். தூதன் என்பவன் தலையாரி, எல்லோரையும் சமாதானப்படுத்தி உரிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவான். அந்தத் தலையாரி யார் தெரியுமா? நம் அதிமதுரம். அதுவும் பிரஷர்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சமாகத்தான் போட்டார். இஞ்சி இருந்தது, காய்ந்த ஆரஞ்சுத் தோல் இருந்தது, வசம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு வேர் இருந்தது. ராஜா மட்டும் நமக்குப் பழக்கமில்லாத ஒரு மஞ்சள் வேர், கசப்பிலே அதற்கு மேல் கிடையாதாம். "ஊமை இதைத் தின்னா கசப்பை வெளியே சொல்ல முடியாதுன்னு எங்க ஊர்ல ஒரு பழமொழி. உனக்கு வாய் இருக்கு, கசப்புதான் தெரியாது. நீ வேற மாதிரி ஊமை" என்று சொல்லிச் சிரித்தார். இதற்கும் நம் நிலவேம்புக்கும் ஒரு வாய்க்கால் தூரம்தான். இவற்றில் எதை அகத்தியர் ஆட்சேபிப்பார் என்று தாங்களே சொல்லுங்கள்.

காய்ச்சுவதற்கும் சட்டம் உண்டு. இரும்பு, அலுமினியம் கூடாது, மண்சட்டிதான். ஊறவைத்து, கொதிக்கவைத்து, சிறுதீயில் வற்றவைத்து வடித்துவிட்டு, அதே சரக்கில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் காய்ச்சு காய்ச்சி, இரண்டையும் கலந்து குடிக்க வேண்டும். தங்கள் தங்கை அதைப் பிரசாதம் மாதிரி பயபக்தியோடு காய்ச்சினாள். வாசனைதான் பிரச்சினை. ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டை விற்பதற்காக எல்லோரும் வந்து பார்க்கும்படி திறந்து வைத்திருந்தார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தெருவில் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். கோட்டுப் போட்ட தரகர் ஒருவர் எங்கள் வாசலுக்கு ஓடிவந்து, ஏதாவது எரிகிறதா, உதவிக்கு ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டார். தங்கள் தங்கைக்கு இங்கிலீஷ் வராதே தவிர உபசாரம் வரும். ஒரு தம்ளரில் ஊற்றி நீட்டினாள். அவர் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, அப்படியே தோட்டத்தில் போய் நின்றார், வெகுநேரம் திரும்பவில்லை.

அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் தங்கள் தங்கைக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சாமிக்குப் படைக்கிறது இல்லையே, மருந்துதானே என்று, சட்டியிலிருந்து ஒரு சொட்டை விரலால் தொட்டுத் தன் நாக்கில் வைத்திருக்கிறாள். தொட்டியில் போய்த் துப்பிக் கொப்பளித்து, வெல்லம் ஒரு கட்டி போட்டுக்கொண்டு வந்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு என் கையில் தம்ளரைக் கொடுத்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டே காபி மாதிரி உறிஞ்சிக் குடித்தேன். அவள் மெதுவாக, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பழக்கதோஷம் மச்சான். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சரியா இருக்கு. உப்பெல்லாம் அளவா இருக்கு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். தங்கள் தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "எப்போலேர்ந்து?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், மூட்டு வலி பொய் என்பது உட்பட. "கால் சரியாத்தான் இருக்குன்னு எனக்குத் தெரியும், தினம் ஒரு காலை நொண்டுனீங்க. அது கிடக்கட்டும். அப்போ இத்தனை நாளும் நான் ஆக்குனது எதுவும் உங்க நாக்குல சேரலையா? நான் பாட்டுக்குத் தனியா ஆக்கிக்கிட்டுக் கிடந்தேனா?" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. எழுந்து போய், வளைகாப்புக்கு வாங்கி வைத்திருந்த புளியையும் எள்ளையும் எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள். "கோகுல்ட்ட சொல்லி வெளியில ஆர்டர் குடுத்துருங்க. உப்பு பாக்க ஆளில்லாம அந்தப் புள்ளைக்கு நான் ஆக்கிப் போட மாட்டேன்" என்று முடித்துவிட்டாள். சிந்து என்னிடம் வந்து, "மாமா, எனக்கு அத்தை சாதம்தான் வேணும். உப்பே இல்லாட்டியும் பரவாயில்ல" என்று அழுதாள். நான் என்ன செய்வேன்? எனக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே அதிகாரத்தை இழந்தவனாக, வேளை தவறாமல் கஷாயத்தைக் குடித்தேன். அதையும் அவள்தான் காய்ச்சிக் கொடுத்தாள், பேசாமல்.

வளைகாப்புக்கு நாள் நெருங்கி, கோகுல் ஹோட்டலுக்குப் போன் செய்ய நம்பர் தேடிக்கொண்டிருந்த காலை அது. தம்ளர் வந்தது. ஒரு வாய் எடுத்தேன். நாக்கின் அடியில், தூரத்தில், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று. இரண்டாவது வாய் எடுத்தேன். மச்சான், கசந்தது! சாதாரணக் கசப்பா அது? காது மடல் வரை கசந்தது, தொண்டை சுருங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, முகம் எட்டுக் கோணலாயிற்று. "ஏட்டி, கசக்குட்டி! கசக்கு! கசக்கு!" என்று கத்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தேன். தங்கள் தங்கையைத் தங்கள் காதுபட ஏட்டி என்றதற்கு மன்னிக்கவும், அந்த நேரத்தில் இலக்கணம் வரவில்லை. கோகுல் எனக்குப் பக்கவாதம் என்று நினைத்து ஆம்புலன்சுக்கு நம்பரை அழுத்திவிட்டான். சிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுமுனையில் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "அப்பாவுக்கு மருந்து கசக்குதாம்" என்று அவன் இங்கிலீஷில் சொல்லி, மன்னிப்பும் கேட்டான்.

தங்கள் தங்கை மட்டும் நேரே சமையலறைக்குப் போனாள். ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். கரித்தது. புளி வைத்தாள், புளித்தது, கொஞ்சம் மங்கலாக. வெல்லம் வைத்தாள், அது வரச் சற்று நேரமாயிற்று, ஆனால் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேல் அலமாரியிலிருந்து புளியை இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் புளிக்காய்ச்சல் கொதித்தது, கரண்டியோடு வந்தாள். ஒரு சொட்டு விழுந்தது. "உப்பு பாருங்க" என்றாள். நான் அவசரப்படவில்லை. நன்றாக நக்கிப் பார்த்து, யோசித்து, "ஒரு கல்லு போடு" என்றேன். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இரண்டு கல் போட்டாள் என்பது தெரியும்.

வளைகாப்பு போன சனிக்கிழமை சிறப்பாக நடந்தது. புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், எள்ளு சாதம், தயிர் சாதம் என்று அத்தனையும் தங்கள் தங்கை கைப்பாகம், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை வழியாகவே பாத்திரத்தை விட்டு இறங்கியது. பொன்சாமி சம்சாரம் சவிதா சிந்துவுக்கு வளையல் போட்டார். லியாங் அம்மாளும் வந்திருந்தார், ஒரு பச்சைக்கல் வளையலோடு. புளி சாதத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இதில் யார் ராஜா, யார் மந்திரி என்று கேட்டார். புளி ராஜா, மிளகாய் மந்திரி, வெல்லம் உதவியாள், பெருங்காயம் தூதன் என்றேன். சரிதான் என்று தலையாட்டினார். டாக்டர் பையனிடமும் ருசி வந்துவிட்டதைச் சொன்னேன். "நான்தான் சொன்னேனே அங்கிள், தானா வரும்னு" என்றான். தானாக வந்ததோ, கஷாயத்தால் வந்ததோ, கசந்ததால் வந்ததோ, அந்த வழக்கைத் தாங்களும் லியாங் அம்மாளும் டாக்டரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். என் நாக்கு என்னிடம் இருக்கிறது, என் மனைவி என்னிடம் பேசுகிறாள், எனக்கு அது போதும். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை மச்சான்.

ஆகவே, மேற்படி சீன மருத்துவம் தொடர்பாக என்மேல் தாங்கள் கொண்டிருக்கும் வருத்தத்தை முற்றிலும் ரத்து செய்யுமாறு பிரார்த்திக்கிறேன். அக்காவுக்கு எங்கள் வணக்கங்கள். சிந்துவுக்குச் சுகப்பிரசவம் ஆக, கோகுலின் தாய்மாமன் ஸ்தானத்தில் இருந்து தாங்கள் அனுப்பும் ஆசீர்வாதம் எந்தச் சுங்கச் சோதனையும் இல்லாமல் இங்கு வந்து சேரட்டும். தங்கள் ஆரோக்கியமும் ஆயுளும் கோபத்தைப் போலவே குறைவின்றி விளங்க வேண்டுமென்று விழைகிற,

தங்கள் அன்பு மாப்பிள்ளை
செல்வராஜ்

பி.கு.: கடிதத்தை ஒட்டி வைத்தும் தபாலில் சேர்க்காமல் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்துவிட்டது. அதற்குள் நிலைமை மாறிவிட்டபடியால் பிரித்து எழுதுகிறேன். நாக்கு இப்போது முழுதாகத் திரும்பிவிட்டது. நெடுநாள் பட்டினி கிடந்த நாக்கு, மச்சான், "சரி", "ஒரு கல்லு" என்பதோடு நிற்க மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்றேன். செவ்வாய்க்கிழமை இட்லி மாவு ஒரு பொழுது முந்திப் பொங்கிவிட்டது என்றேன். நேற்று அவியலில் தேங்காயெண்ணெய் பழசு என்றும், கல்யாணமான புதிதில் செய்த அவியலுக்கு இது பக்கத்தில் வராது என்றும் சொன்னேன். எல்லாம் உண்மை. இன்று காலை தங்கள் தங்கை என்னிடம் சொல்லாமல் பொன்சாமியின் வேனில் ஏறி ஒனிஹங்கா போயிருக்கிறாள். கொடுத்த மருந்தைத் திருப்பி எடுக்க வழி உண்டா, பழையபடி மரத்துப்போனால்கூடப் பாதகமில்லை என்று பொன்சாமியின் அரைத் தமிழ் மொழிபெயர்ப்பில் கேட்டிருக்கிறாள். லியாங் அம்மாள் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்து, "உனக்குக் கல்லீரல்ல நெருப்பு எரியுது" என்று அவளுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாராம். ஆகவே மேலே கண்ட மகிழ்ச்சிச் செய்திகள் அனைத்தும் மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகின்றன. என் விஷயத்தில் மட்டும் அவர் கையை விரித்துவிட்டாராம். "அது நோய் இல்லை, அது புருஷன். அதுக்கு எங்க சாஸ்திரத்துல மூலிகை கிடையாது."